ஹீட் பம்ப் வைக்கும் முன் வீட்டை அளந்து பாருங்கள்

எங்கள் வீட்டில், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைக்கும் மெஷினான ஹீட் பம்ப் ஓடத் தொடங்கிய முதல் குளிர்காலம். ஒரு ராத்திரி ஜன்னல் ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். வெளியே இருக்கும் யூனிட் ஒரு சின்ன முனகலோடு ஆரம்பிக்கும்; விசிறி வேகம் பிடிக்கும்; நாலைந்து நிமிஷம் ஓடும்; நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி முனகல். ஒரு மணி நேரத்தில் 7 தடவை. பொருத்தியவர்களைக் கேட்டபோது, மெஷினில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். அது உண்மைதான். மெஷினைத் தேர்ந்தெடுத்த கணக்கில்தான் குறை. 6 கிலோவாட் போதுமான வீட்டுக்கு 12 கிலோவாட் வாங்கி வைத்திருந்தோம்.

அந்த ஒரு தவறு எங்களுக்கு எவ்வளவு வேலை வைத்தது என்பதை அனுபவித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். புதிதாக ஹீட் பம்ப் வைக்க நினைக்கிறவர்கள் எதை எந்த வரிசையில் செய்தால் பணம் வீணாகாது என்று சொல்லிக்கொண்டு போகிறேன். வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்து, தண்ணீர் வழியாக ரேடியேட்டருக்கோ (சூடான தண்ணீர் உள்ளே ஓடி அறையைச் சூடாக்கும் தகடு) தரைக்கு அடியில் ஓடும் பைப்புக்கோ கொடுக்கும் வகையைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசப்போகிறேன். சுவரில் மாட்டும் ஸ்பிளிட் வகைக்கும் ஒரு பகுதி உண்டு.

முதலில் ஒரே ஒரு விஷயம் புரிய வேண்டும்

ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கையை வைத்துப் பாருங்கள், சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் பொருள்களிலிருந்து எடுத்த சூடு அங்கே வெளியேறுகிறது. ஹீட் பம்ப் அதே வேலையைத் தெருப்பக்கத்துக் காற்றிடம் செய்கிறது. சூட்டை உண்டாக்குவதில்லை, இருக்கிற இடத்திலிருந்து இறைத்துக் கொண்டுவருகிறது. அதனால்தான் 1 யூனிட் மின்சாரத்துக்கு 3, 4 யூனிட் சூடு கிடைக்கிறது.

கிணற்றில் தண்ணீர் மேலேயே கிடந்தால் இறைப்பது சுலபம், ஆழத்துக்குப் போய்விட்டால் கை வலிக்கும். இங்கேயும் அப்படித்தான். வெளிக்காற்றுக்கும் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீருக்கும் இடையில் உள்ள வெப்ப வித்தியாசம்தான் கிணற்றின் ஆழம். வெளியே 0 டிகிரி இருக்கும்போது 35 டிகிரி தண்ணீர் கேட்டால், நல்ல மெஷின் 1 யூனிட்டுக்கு ஏறக்குறைய மூன்றரை யூனிட் சூடு தரும். 55 டிகிரி கேட்டால் அது இரண்டரைக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். தண்ணீர்ச் சூட்டில் ஒவ்வொரு டிகிரி குறைப்பதும் மின் செலவில் சுமார் 2 சதவீதம் மிச்சப்படுத்தும்.

கீழே வரும் தவறுகள் எல்லாமே கடைசியில் இரண்டில் ஒன்றைச் செய்கின்றன: தண்ணீரைத் தேவைக்கு மேல் சூடாக்க வைக்கின்றன, இல்லாவிட்டால் மெஷினை நிம்மதியாக ஓட விடாமல் நிறுத்தி நிறுத்திப் போட வைக்கின்றன. யார் என்ன யோசனை சொன்னாலும் இந்த இரண்டையும் வைத்து உரசிப் பாருங்கள்.

படி 1: வீடு எவ்வளவு சூட்டை இழக்கிறது என்று கணக்குப் போடுங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு மெஷின் பார்க்கப் போவதுதான் ஆகப் பெரிய தவறு. பழைய பாய்லர் 24 கிலோவாட் என்பதால் வீட்டுக்கு அவ்வளவு தேவை என்று நினைத்துக்கொள்கிறார்கள். குளிக்கிற தண்ணீரை உடனுக்குடன் சூடாக்கித் தருவதற்காகத்தான் அந்தப் பாய்லருக்கு அத்தனை சக்தி. வீட்டைச் சூடாக வைக்க அதில் கால் பங்குகூடத் தேவைப்படாமல் இருக்கலாம்.

கணக்கு கஷ்டமில்லை. ஒரு அறையை எடுத்துக்கொள்வோம். உள்ளே 20 டிகிரி வேண்டும்; உங்கள் ஊரின் கடுங்குளிர் நாளில் வெளியே மைனஸ் 3. வித்தியாசம் 23. வெளிச்சுவர் 10 சதுர மீட்டர். இன்சுலேஷன் (வெப்பக் காப்பு) இல்லாத இரட்டைச் செங்கல் சுவர் என்றால் சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, ஏறக்குறைய 1.5 வாட் கசியும். 10 × 1.5 × 23 = 345 வாட். பழைய இரட்டைக் கண்ணாடி ஜன்னல் 2 சதுர மீட்டர், அதற்கு 2.8 என்று வைத்தால் 129 வாட். அப்புறம் காற்று. அறையின் கன அளவு 30 கன மீட்டர், மணிக்கு ஒரு முறை காற்று மாறுகிறது என்றால் 0.33 × 30 × 23, அதாவது 228 வாட் (0.33 என்பது ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வாட்-மணி). கூட்டினால் 702. கூரையும் தரையும் வெளியைப் பார்த்திருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். இப்படி எல்லா அறைகளுக்கும் போட்டுக் கூட்டினால் வீட்டின் தேவை கிடைத்துவிடும்.

இதை இன்ஸ்டாலர்தான் செய்ய வேண்டும், அறை அறையாக, எழுத்தில். ஆனாலும் நீங்களே சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. வீட்டில் எரிவாயு பாய்லர் இன்னும் ஓடுகிறதென்றால், நல்ல குளிர் நாள் ஒன்றில் காலையில் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள், மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி பாருங்கள். 24 மணி நேரத்தில் 120 யூனிட் எரிந்திருந்தால் சராசரி 5 கிலோவாட். பாய்லரில் 15 சதவீதம் வீணாகிறது என்று கழித்தால் 4.25. மீட்டர் கன மீட்டரில் காட்டினால், இயற்கை எரிவாயுவில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 11 யூனிட். எண்ணெய் பாய்லர் என்றால் லிட்டருக்குச் சுமார் 10 யூனிட். இதைவிடக் குளிரான நாளுக்காகக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் 4.25 என்று உங்கள் மீட்டர் சொல்லும்போது 12 கிலோவாட் மெஷினை ஒருவர் எழுதிக் கொடுத்தால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நான் கேட்கவில்லை.

"கொஞ்சம் பெரிசா இருந்தா நல்லதுதானே" என்ற எண்ணம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். அளக்க வருபவர் பாதுகாப்புக்கு 10 சதவீதம் சேர்க்கிறார். திட்டம் போடுபவர் இன்னொரு 15 சேர்க்கிறார். அந்த அளவில் மெஷின் இல்லை என்று கடைசியில் அடுத்த பெரிய மாடல் வருகிறது. எந்த மெஷினுக்கும் ஒரு குறைந்தபட்ச ஓட்டம் உண்டு. அதற்குக் கீழே மெதுவாக ஓட அதற்குத் தெரியாது. 12 கிலோவாட் மெஷின் 4 கிலோவாட் வரைதான் இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிதமான குளிர் நாளில் வீட்டுக்கு 2 தான் தேவை. அப்போது அது ஓடி, நின்று, ஓடி, நின்று கம்ப்ரஸரைத் தேய்க்கும். வருஷத்தில் பெரும்பாலான நாள்கள் மிதமான நாள்கள்தான். அதனால் மெஷினின் உச்ச சக்தியைக் கேட்கும்போதே குறைந்தபட்ச சக்தியையும் கேளுங்கள், 7 டிகிரி வெளிக்குளிரில் எவ்வளவு என்று.

சின்னதாகப் போவதும் கூடாதுதான். அப்போது உள்ளே ஒளிந்திருக்கும் மின் ஹீட்டர் கைகொடுக்க வந்துவிடும். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

படி 2: பாய்லர் இருக்கும்போதே ஒத்திகை பாருங்கள்

எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கக்கூடாதா என்று நான் ஏங்கும் விஷயம் இது. செலவே இல்லாதது.

பழைய பாய்லரில் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூட்டை 50 டிகிரிக்கு இறக்குங்கள். குளிர்ந்த வாரமாகப் பார்த்துச் செய்யுங்கள். எல்லா ரேடியேட்டர் வால்வுகளையும் திறந்து, பாய்லரை நாள் முழுக்க ஓடவிடுங்கள். வீடு சூடாக இருக்கிறதா? எந்த அறை மட்டும் பின்தங்குகிறது? அந்த அறைக்குத்தான் பெரிய ரேடியேட்டர் தேவை. அடுத்த வாரம் 45க்கு இறக்கிப் பாருங்கள். ஹீட் பம்ப் வந்தபின் வீடு எப்படி இருக்கும் என்பதை அதை வாங்கும் முன்பே தெரிந்துகொண்டுவிடுவீர்கள். ஒரு எச்சரிக்கை: குளிக்கும் தண்ணீரைத் தொட்டியில் சேமிக்கும் அமைப்பு என்றால், தொட்டியின் சூட்டை இறக்காதீர்கள். தேங்கிய இளஞ்சூட்டுத் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும்.

படி 3: ரேடியேட்டர்களும் பைப்புகளும்

ரேடியேட்டரின் பட்டியலில் 1,000 வாட் என்று போட்டிருந்தால், அது 75 டிகிரியில் தண்ணீர் உள்ளே போய் 65ல் வெளியேறும்போது கிடைப்பது. ஹீட் பம்ப் 45ல் கொடுத்து 40ல் திரும்ப வாங்கினால், அதே ரேடியேட்டர் ஏறக்குறைய 350 வாட்தான் தரும். மேலே கணக்குப் போட்ட அறைக்கு 702 வாட் தேவை. ஆகவே அங்கே பட்டியலில் 2,000 வாட் என்று போட்ட ரேடியேட்டர் வேண்டும். ஒற்றைத் தகடு இருந்த இடத்தில் அதே நீளத்தில் இரட்டைத் தகடோ மூன்று தகடோ உள்ளதை மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ரேடியேட்டருக்குச் செலவழிக்க மனம் வராமல், "தண்ணீரை 55ல் ஓட்டிக்கொள்ளலாம்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். ரேடியேட்டர் ஒரு தடவைச் செலவு. 55 டிகிரி ஒவ்வொரு மாத பில்லிலும் வரும்.

பைப்புக்கும் ஒரு கணக்கு உண்டு. பாய்லர் போன தண்ணீருக்கும் வந்த தண்ணீருக்கும் 20 டிகிரி வித்தியாசத்தில் ஓடும். ஹீட் பம்ப் 5 டிகிரியில் ஓடும். 8 கிலோவாட் சூட்டைக் கொண்டுபோகப் பாய்லருக்கு நிமிஷத்துக்கு 6 லிட்டர் போதும், ஹீட் பம்ப்புக்கு 23 லிட்டர் வேண்டும். விரல் தடிமன்கூட இல்லாத 8, 10 மில்லிமீட்டர் பைப்புகள் வீட்டில் இருந்தால் அதைப் பற்றி முதலிலேயே பேசிவிடுங்கள். எந்தப் பகுதியை மாற்ற வேண்டும் என்று கணக்கோடு சொல்லச் சொல்லுங்கள். பைப் போதாவிட்டால் தண்ணீர் இரையும், அறை சூடாகாது, பழி மெஷின் மேல் விழும்.

படி 4: ஓட்டைகளை முதலில் அடையுங்கள்

கதவிடுக்கு, மாடியேறும் பலகைக் கதவு, பைப் நுழையும் துளை இவற்றை அடைப்பதும், கூரைக்கு அடியில் இன்சுலேஷன் போடுவதும் மெஷின் வாங்குவதற்கு முன்பே நடக்க வேண்டும். பின்னால் செய்தால், பெரிய மெஷினை வாங்கிவிட்டு அதற்கு வேலையில்லாமல் ஆக்குகிறீர்கள். குளியலறை, சமையலறை ஈரம் வெளியேற விசிறி இருக்கிறதா என்பதையும் பாருங்கள், இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும்.

படி 5: வெளி யூனிட்டுக்கு இடம்

இதில் நிறையப் பேர் அழகை மட்டும் பார்க்கிறார்கள். கண்ணில் படாத மூலை ஒன்றில் ஒளித்து வைத்துவிடுகிறார்கள். யூனிட் சூட்டை எடுத்துக்கொண்டு குளிர்ந்த காற்றை முன்பக்கம் தள்ளுகிறது. எதிரே சுவரோ மூடிய வேலியோ இருந்தால் அந்தக் குளிர்காற்றே திரும்பி வந்து பின்பக்கம் நுழையும். 3 டிகிரி நாளில் யூனிட் மைனஸ் 1ல் வேலை செய்துகொண்டிருக்கும். மூலையில் வைத்தால் சத்தமும் கூடும். ஒவ்வொரு சுவரும் அதைத் திருப்பி அடிக்கிறது. திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரரின் படுக்கையறைக்கும்தான். சுவரில் தொங்கவிடுவதைவிடத் தரையில் ரப்பர் கால்களின் மேல் வைப்பது நல்லது, அதிர்வு வீட்டுக்குள் வராது.

பனி உருக்குவது பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். ஈரமான குளிர் நாளில், 0க்கும் 5 டிகிரிக்கும் இடையில், பின்பக்கத் தகடுகளில் வெள்ளையாகப் பனி படியும். அது ஓரளவு கட்டியானதும் விசிறி நிற்கும், புஸ்ஸென்று ஒரு சத்தம் வரும், யூனிட் தலைகீழாக ஓடி வீட்டுச் சூட்டைக் கொஞ்சம் எடுத்துப் பனியை உருக்கும். குபுகுபுவென்று வெண்புகை மாதிரி எழும். முதல் தடவை பார்த்தபோது தீப்பிடித்துவிட்டது என்று நான் செருப்பில்லாமல் ஓடினேன். நீராவிதான். சில நிமிஷத்தில் அடங்கிவிடும்.

உருகிய தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. ஒரே நாளில் லிட்டர் கணக்கில் வரும். நடைபாதையில் வழிந்தால் ராத்திரியில் கண்ணாடி போல உறையும், காலையில் யாராவது வழுக்கி விழுவார்கள். யூனிட்டுக்கு அடியில் சரளைக்கல் குழி தோண்டச் சொல்லுங்கள். பனி குவியும் ஊர் என்றால் குவியும் உயரத்துக்கு மேலே யூனிட்டைத் தூக்கி வையுங்கள்.

மெஷினில் ஆர்-290 என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது புரொபேன். சுற்றுச்சூழலுக்கு நல்லது, தண்ணீரை அதிகமாகச் சூடாக்கும்போதும் நன்றாக ஓடும். ஆனால் எரியும் வாயு, காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பள்ளத்தைத் தேடி இறங்கும். யூனிட்டைச் சுற்றித் தயாரிப்பாளர் சொல்லும் தூரத்துக்குள் ஜன்னல், சாக்கடை வாய், நிலவறைத் துளை எதுவும் இருக்கக்கூடாது. இடத்தை முடிவு செய்துவிட்டு மெஷினை வாங்கினால் இந்தத் தலைவலி வராது.

படி 6: இடையில் எதையும் திணிக்க விடாதீர்கள்

எங்கள் வீட்டில் ஒரு பஃபர் தொட்டி வைத்தார்கள், மெஷினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் சூடான தண்ணீரைத் தேக்கி வைக்கும் தொட்டி. அதன் இரண்டு பக்கமும் பைப்பைத் தொட்டுப் பார்த்தாலே கைக்கு வித்தியாசம் தெரிந்தது. தெர்மாமீட்டர் வைத்தேன். மெஷினிலிருந்து வந்தது 45, ரேடியேட்டருக்குப் போனது 40. தொட்டிக்குள் போகிற தண்ணீரும் திரும்பி வருகிற தண்ணீரும் கலந்து 5 டிகிரி அங்கேயே தொலைந்தது. 40 டிகிரிக்காக 45 டிகிரியின் செலவு. பஃபர் தொட்டி தேவைப்படும் வீடுகள் உண்டு. ஆனால் வழக்கம் என்பதற்காக வைக்கக்கூடாது; "ஏன் தேவை, எந்தக் கணக்குப்படி" என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

அறைக்கு அறை தெர்மோஸ்டாட்டும் அதே போலத்தான். பாய்லருக்குப் பொருந்திய பழக்கம் அது. நான்கு அறையின் வால்வு மூடிக்கொண்டால் தண்ணீர் ஓட இடமில்லாமல் மெஷின் மூச்சுத் திணறும். பெரும்பாலான ரேடியேட்டர்களைத் திறந்தே வையுங்கள். சூட்டை ஹீட்டிங் கர்வ் பார்த்துக்கொள்ளட்டும். வெளியே குளிர் கூடக் கூடத் தண்ணீர்ச் சூட்டைத் தானாகவே ஏற்றி இறக்கும் அமைப்பு அது, மெஷினுக்குள்ளேயே இருக்கும். அதை அணைத்துவிட்டு ஒரே சூட்டில் ஓட்டிவைத்துப் போகிறவர்கள் உண்டு. ராத்திரி முழுக்க அணைத்துவிட்டுக் காலையில் போடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். 1, 2 டிகிரி இறக்கினால் போதும்.

குளிக்கும் தண்ணீர்த் தொட்டி ஹீட் பம்ப்புக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். பழைய தொட்டிக்குள் தண்ணீரைச் சூடாக்கும் சுருள் பைப் சின்னது. புதியதில் 3 சதுர மீட்டர் அளவுக்குச் சுருள் இருக்கும். அன்றாடம் 48, 50 டிகிரி போதும். கிருமிக்காக வாரம் ஒரு முறை 60.

படி 7: மின்சாரமும் ஒளிந்திருக்கும் ஹீட்டரும்

ஹீட் பம்ப்புக்குத் தனி மின்வழி வேண்டும். வீட்டு மெயின் ஃபியூஸ் தாங்குமா என்று மெஷின் வருவதற்கு முன்பே மின்பணியாளரைக் கொண்டு பாருங்கள்.

பல மெஷின்களுக்குள் 3, 6, 9 கிலோவாட் மின் ஹீட்டர் ஒன்று இருக்கும். அதில் 1 யூனிட்டுக்கு 1 யூனிட் சூடுதான். எந்த வெளிக்குளிருக்குக் கீழே அது ஓடலாம் என்பது ஒரு செட்டிங். ஆலையிலிருந்து வந்தபடியே விட்டுவிட்டால் தேவையில்லாத நேரத்தில் ஓடி பில்லை ஏற்றும். திரையில் அது ஓடிய மணி நேரம் பதிவாகியிருக்கும். மாதம் ஒரு முறை பாருங்கள்.

படி 8: யாரிடம் கொடுப்பது

அளக்கும் டேப்பை எடுக்காமல், ஒவ்வொரு அறைக்குள்ளும் போகாமல் விலை சொல்பவரை நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். மற்றவர்களிடம் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: அறைவாரி வெப்ப இழப்பு, எந்த வெளிக்குளிருக்கு எத்தனை டிகிரித் தண்ணீர், எந்த ரேடியேட்டர் மாறுகிறது, அந்தக் குளிரில் மெஷினின் சக்தி எவ்வளவு, குறைந்தபட்ச சக்தி எவ்வளவு. முன்பு பொருத்திய வீடு ஒன்றைக் காட்டச் சொல்லி அந்த வீட்டுக்காரரிடம் நேரில் பேசுங்கள். பணத்தில் ஒரு பகுதியை, குளிர்காலத்தில் சரிபார்த்துக் கொடுத்த பிறகு தருவதாக ஒப்பந்தத்திலேயே போடுங்கள்.

ஸ்பிளிட் வகை வைப்பவர்களுக்கு

இங்கே தண்ணீர்க் கணக்கு இல்லை. தவறு பைப் இணைப்பில் நடக்கும். இணைத்த பிறகு நைட்ரஜன் அடைத்துக் கசிவு பார்க்க வேண்டும், அப்புறம் வேக்கம் பம்ப் போட்டு 500 மைக்ரானுக்கு (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இழுத்து, அது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பம்ப் போடாமல், வாயுவைக் கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றை ஊதித் தள்ளினால் போதும் என்று யாராவது ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். உள்ளே தங்கும் ஈரம் கம்ப்ரஸரை மெல்ல மெல்லத் தின்றுவிடும்.

படி 9: ஓட்டிக் காட்டும் நாளும் முதல் குளிர்காலமும்

அன்றைக்கு வீட்டில் இருங்கள். பழைய பைப்புகளைக் கழுவினார்களா, தண்ணீரில் வரும் இரும்புத் துருவைப் பிடிக்கும் காந்த ஃபில்டர் வைத்தார்களா, வெளிப் பைப்பு உறையாமல் இருக்க என்ன செய்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்பதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். எல்லா செட்டிங் பக்கங்களையும் போட்டோ எடுத்து வையுங்கள். மின்சாரம் எவ்வளவு போனது, சூடு எவ்வளவு வந்தது என்று தனித்தனியே அளக்கும் மீட்டர் இருந்தால் சந்தேகமே இருக்காது.

ரேடியேட்டர் கைக்கு இளஞ்சூடாகத்தான் இருக்கும். பயப்படாதீர்கள், அறையின் தெர்மாமீட்டரைப் பாருங்கள். வீடு வசதியாக இருந்தால் ஹீட்டிங் கர்வை ஒரு புள்ளி இறக்கி இரண்டு நாள் காத்திருங்கள். குளிர் உறைத்தால் பழையபடி ஏற்றுங்கள். இப்படியே போனால் உங்கள் வீட்டுக்குப் போதுமான கடைசி அளவு தெரிந்துவிடும்.

எங்கள் 12 கிலோவாட் மெஷினை மாற்ற முடியவில்லை. பஃபர் தொட்டியைக் கழற்றினோம், அறைத் தெர்மோஸ்டாட்களை எடுத்துவிட்டு எல்லா ரேடியேட்டரையும் திறந்தோம், இரண்டு அறைக்குப் பெரிய ரேடியேட்டர் மாட்டினோம், கர்வை இறக்கினோம். அதற்குப் பிறகு ஒரு ராத்திரி அதே நாற்காலியில் உட்கார்ந்து எண்ணினேன். மணிக்கு 2 தடவை. ஒரு மாதம் கழித்துக் காந்த ஃபில்டரைத் திறந்தபோது கருப்புச் சேறு ஒரு கைப்பிடி வந்தது. பழைய ரேடியேட்டர்கள் இருக்கும் வீடென்றால் முதல் மாதத்திலேயே அதைத் திறந்து கழுவுங்கள், பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை.